பிசிஇ அமைக்கப் போகிறீர்களா? லேபில் தொடங்கி லைவ் நெட்வொர்க் வரை

நெட்வொர்க்கில் எந்த டிராஃபிக் எந்த வழியில் போக வேண்டும் என்று ஒவ்வொரு ரவுட்டரும் தனித்தனியாகக் கணக்குப் போடுவதை விட்டுவிட்டு, மொத்த நெட்வொர்க்கையும் பார்த்து ஒரே இடத்தில் கணக்குப் போடும் சர்வருக்குத்தான் பிசிஇ என்று பெயர். அது ரவுட்டர்களோடு பேசும் மொழி பிசிஇபி, வேலை செய்கிறவர்கள் வாயில் பீசெப். இந்த வேலை என் கைக்கு வந்தபோது படிக்கக் கிடைத்தவை இரண்டே வகை. ஒன்று ஆர்எஃப்சி, அதாவது இணைய நெறிமுறைகளை வரையறுக்கும் ஆவணங்கள், இன்னொன்று கருவி விற்கும் வெண்டர்கள் காட்டும் வண்ண வண்ண ஸ்லைடுகள். நடுவில் கிடக்கும் வேலையை, அதாவது எதை முதலில் கேட்டு வாங்குவது, எங்கே நேரம் போகும், எதற்குத் தனியாகக் காசு கேட்பார்கள் என்பதையெல்லாம், யாரும் ஒரே இடத்தில் எழுதி வைக்கவில்லை. நான் பட்ட பாடு அடுத்து வருகிறவர்கள் படக்கூடாது என்பதால் இதை எழுதுகிறேன்.

எம்பிஎல்எஸ், பிஜிபி, கூடவே ஐஎஸ்-ஐஎஸ் அல்லது ஓஎஸ்பிஎஃப், இவை ஓரளவு தெரிந்தால் போதும். நான் சொல்லப்போவது செக்மென்ட் ரூட்டிங் (போக வேண்டிய வழியை முதல் ரவுட்டரே பாக்கெட்டின் மேல் லேபிள்களாக எழுதி அனுப்புவது) எம்பிஎல்எஸ் நெட்வொர்க்கில் ஸ்டேட்ஃபுல், அதாவது பாதைகளின் நிலையை நினைவில் வைத்திருக்கும், பிசிஇ அமைப்பது பற்றி. இன்று புதிதாகத் தொடங்குகிற பலரும் இந்த வழியில்தான் போகிறார்கள். வழியில் உள்ள ஒவ்வொரு ரவுட்டரிலும் பேண்ட்வித்தைப் பிடித்து வைத்துப் பாதை போடும் ஆர்எஸ்விபி-டிஇ வைத்திருப்பவர்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும், எங்கே மாறுகிறது என்று அங்கங்கே சொல்கிறேன். கூகுள் தன் டேட்டா சென்டர்களை இணைக்கக் கட்டிய பி4 நெட்வொர்க் பற்றிப் படித்துவிட்டு வருகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: கருத்து ஒன்றுதான், ஆனால் அவர்கள் 2013இல் எழுதிய அமைப்பு ஓப்பன்ஃப்ளோ என்ற வேறொரு மொழியை வைத்துக் கட்டியது, பீசெப் அல்ல. அதில் வருகிற படங்களை வைத்துக்கொண்டு உங்கள் ரவுட்டரில் ஒன்றும் செய்ய முடியாது.

1. முதலில் இது தேவைதானா என்று பாருங்கள்

ஒரு சின்னக் கணக்கு. அ, ஆ என்று இரண்டு ரவுட்டர்கள், இரண்டுமே க என்ற ரவுட்டரில் வந்து சேர்கின்றன. கவிலிருந்து ச என்ற ரவுட்டருக்கு இரண்டு வழி உண்டு. குறுக்கு வழி 10 கிகாபிட், சுற்று வழி 7 கிகாபிட். அவிடம் 6 கிகாபிட் டிராஃபிக், ஆவிடம் 8 கிகாபிட், இரண்டும் சவுக்குப் போக வேண்டும். ரவுட்டர்களே கணக்குப் போட்டால், அ முந்திக்கொண்டு குறுக்கு வழியில் 6ஐ எடுத்துக்கொள்ளும். அங்கே மிச்சம் 4. இப்போது ஆ வந்து 8 கேட்கிறது. குறுக்கு வழியில் 4தான் இருக்கிறது, சுற்று வழியில் மொத்தமே 7தான், ஆகவே "பாதை இல்லை" என்று பதில் வரும். மொத்தம் 17 கிகாபிட் இருக்கிறது, தேவை 14தான், இருந்தும் இடம் இல்லை. அவைச் சுற்று வழியில் தள்ளி ஆவைக் குறுக்கு வழியில் விட்டால் இரண்டும் போகும். ஆனால் ஆவின் தேவை அவுக்குத் தெரியாது, அவின் தேவை ஆவுக்குத் தெரியாது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒருவர் வேண்டும், அவ்வளவுதான் விஷயம்.

ஆர்எஸ்விபி-டிஇயில் 0 முதல் 7 வரை முன்னுரிமை கொடுத்து இதைச் சரிக்கட்டலாமே என்று கேட்பீர்கள். பத்து டன்னல் (இப்படிப் போட்ட பாதை) இருக்கும்போது முடியும். நூற்றுக்கணக்கில் ஆனபின் எது எதைத் தள்ளிவிடும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இந்த மாதிரி நெருக்கடி உங்கள் நெட்வொர்க்கில் உண்மையிலேயே வருகிறதா? அல்லது வேறு வேறு ரவுட்டர்களிலிருந்து கிளம்பும் இரண்டு பாதைகள் ஒரே ஃபைபரைத் தொடக்கூடாது என்று வாடிக்கையாளர் கேட்கிறாரா? அல்லது பல ஏரியாக்களைத் தாண்டி ஒரு பாதை போட வேண்டுமா? மூன்றில் ஒன்றாவது இருந்தால் மேலே படியுங்கள். உச்ச நேரத்தில்கூட எல்லா லிங்க்கும் பாதிக்குக் கீழேதான் ஓடுகிறது என்றால், மெட்ரிக்கைக் கொஞ்சம் மாற்றிவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். பிசிஇ வைப்பதால் நெட்வொர்க்குக்குள் இன்னொரு சாஃப்ட்வேர் வரும், அதற்கு அப்கிரேடு வரும், ராத்திரி இரண்டு மணிக்கு அதைப் பார்க்க ஆள் வேண்டும்.

2. கருவியைத் தொடும் முன் காகிதங்களைச் சேருங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போக எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். தயவுசெய்து தாண்டாதீர்கள். ஓரளவு பெரிய நெட்வொர்க் என்றால் இதற்கு மட்டும் மூன்று நான்கு வாரம் ஒதுக்குங்கள், ஏனென்றால் பாதித் தகவல் வேறு வேறு துறைகளில் இருக்கும், கேட்டவுடன் யாரும் தரமாட்டார்கள்.

உங்கள் கையில் இருக்க வேண்டியவை:

- ஒவ்வொரு ரவுட்டரின் லூப்பேக் முகவரி, ரவுட்டர் ஐடி, எந்த ஏரியா அல்லது லெவல், எந்த மாடல், எந்த ஓஎஸ் பதிப்பு.
- ஒவ்வொரு லிங்க்கின் உண்மையான கொள்ளளவு. போர்ட் 10 கிகாபிட்டாக இருக்கும், பின்னால் வாடகைக்கு எடுத்தது 4 கிகாபிட்டாக இருக்கும். பிசிஇக்கு நீங்கள் சொன்னால்தான் தெரியும்.
- எந்தெந்த லிங்க் ஒரே ஃபைபர் குழாயில் போகிறது என்ற பட்டியல். இதைத்தான் எஸ்ஆர்எல்ஜி என்பார்கள். டிரான்ஸ்மிஷன் துறையிடம் இருக்கும். கிடைப்பதற்கு அதிக நாள் ஆவது இதுதான், அதனால் முதல் நாளே கேட்டுவிடுங்கள்.
- செக்மென்ட் ரூட்டிங்குக்கான லேபிள் வரம்பு. சிஸ்கோவில் வழக்கமான வரம்பு 16000 முதல் 23999 வரை. வேறு வெண்டர் கலந்திருந்தால் எல்லாவற்றிலும் ஒரே வரம்பைக் கையால் எழுதி வையுங்கள், இல்லாவிட்டால் டிரபுள்ஷூட்டிங் செய்யும்போது மண்டை காய்ந்துவிடும்.

அடுத்தது வெண்டரிடம் கேட்க வேண்டியவை. எழுத்தில் கேளுங்கள், எழுத்தில் பதில் வாங்குங்கள். ஒரு வெண்டரின் டேட்டாஷீட்டில் "பிசிஇபி உண்டு" என்று ஒரே வரி இருந்தது. உள்ளே போய்ப் பார்த்தால் ரவுட்டர் கேட்டால் பாதை சொல்லும் பழைய வகை மட்டும்தான் அதில் அடங்கியிருந்தது, மற்றதற்குத் தனி லைசென்ஸ். ஆகவே "உண்டா இல்லையா" என்று கேட்காதீர்கள், எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். ஆர்எஃப்சி 5440 என்பது அடிப்படை மொழி. 8231 என்பது பாதைகளின் நிலையை பிசிஇ நினைவில் வைத்து மாற்றக்கூடிய ஸ்டேட்ஃபுல் வகை. 8281 என்பது பிசிஇ தானாகவே ரவுட்டரில் புதுப் பாதை உருவாக்குவது. 8664 என்பது இதையெல்லாம் செக்மென்ட் ரூட்டிங்கில் செய்வது. இந்த நான்குக்கும் எந்த மாடலில், எந்த ஓஎஸ் பதிப்பிலிருந்து, எந்த லைசென்ஸில் என்று ஒரு அட்டவணை கேளுங்கள். கூடவே ஒவ்வொரு மாடலும் ஒரு பாக்கெட்டில் எத்தனை லேபிள் வரை தள்ளும் என்பதையும் கேளுங்கள், எம்எஸ்டி என்பார்கள். பழைய லைன் கார்டுகளில் இந்த எண் சின்னதாக இருக்கும், 6ஆம் படியில் வந்து கழுத்தைப் பிடிக்கும்.

ஆர்எஃப்சிகள் எல்லாமே இலவசம். முழுவதும் உட்கார்ந்து படிக்க வேண்டியதில்லை. 8231இல் டெலிகேஷன் (பாதையை மாற்றும் உரிமையை பிசிஇக்குக் கொடுப்பது) பற்றிய பகுதியையும் நிலை ஒத்திசைவு பற்றிய பகுதியையும் மட்டும் பொறுமையாகப் படியுங்கள். பின்னால் வரும் சந்தேகங்களில் பெரும்பகுதி அங்கேயே தீர்ந்துவிடும்.

3. வீட்டிலேயே ஒரு லேப்

ஆறு ரவுட்டர், ஒரு பிசிஇ. இது போதும். மாலை நேரம் மட்டும் செலவழித்தால் இரண்டு மூன்று வாரத்தில் பிடிபட்டுவிடும். 32 ஜிபி மெமரி உள்ள கணினி இருந்தால் நிம்மதி. 16 ஜிபியிலும் செய்யலாம், ஆனால் எந்த ரவுட்டர் இமேஜ் என்பதைப் பொறுத்தது.

காசே செலவழிக்காமல் செய்ய நினைத்தால் எஃப்ஆர்ஆர் என்ற ஓப்பன் சோர்ஸ் ரவுட்டர், பிசிஇக்கு ஓப்பன்டேலைட், இரண்டையும் கோர்க்க கன்டெய்னர்லேப். எஃப்ஆர்ஆரில் பாத்டி என்ற டீமன்தான் பீசெப் பேசும். இங்கே இரண்டு பொறி இருக்கிறது. பாத்டியை வெறுமனே தொடங்கினால் பீசெப் கட்டளைகளே இருக்காது, பீசெப் மாட்யூலைத் தனியாக ஏற்றித்தான் தொடங்க வேண்டும், நீங்கள் இறக்கிய பேக்கேஜ் அந்த மாட்யூலோடு கட்டப்பட்டிருக்கவும் வேண்டும். இரண்டாவது, லினக்ஸ் கெர்னலில் எம்பிஎல்எஸ் லேபிள் எண்ணிக்கையின் ஆரம்ப மதிப்பு பூஜ்யம். அதை உயர்த்தி, ஒவ்வொரு இன்டர்ஃபேஸிலும் எம்பிஎல்எஸ் உள்ளீட்டைத் திறந்துவிடாத வரை, எல்லாம் அழகாக மேலே வந்த மாதிரி தெரியும், ஒரு பாக்கெட்கூடப் போகாது.

ஓப்பன்டேலைட் ஜாவாவில் எழுதியது. ஒவ்வொரு வெளியீடும் ஒரு குறிப்பிட்ட ஜாவா பதிப்பைத்தான் கேட்கும், அதைப் பார்த்து நிறுவுங்கள். வெறும் ஓப்பன்டேலைட்டில் ஒன்றும் இருக்காது, பீசெப், பிஜிபி, ரெஸ்ட்கான்ஃப் ஆகிய அம்சங்களைக் கன்சோலில் தனித்தனியாக நிறுவ வேண்டும். அப்புறம் அது பிஜிபிக்குக் காது கொடுப்பது 179இல் அல்ல, 1790இல். ரூட் அனுமதி இல்லாமல் ஓட வேண்டும் என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். ரவுட்டரிலிருந்து வழக்கம்போல 179க்குக் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தால் யாரும் திறக்கமாட்டார்கள்.

நிஜ வெண்டர் ஓஎஸ்ஸில் பழக வேண்டும் என்றால் ஜூனிபரின் விஜூனோஸ் ரவுட்டர் இமேஜை லேபுக்காக இலவசமாக இறக்கலாம். ஒன்றுக்கு 5 ஜிபி மெமரி கேட்கும், பயாஸில் விர்ச்சுவலைசேஷனைத் திறந்து வைக்க வேண்டும். சிஸ்கோவில் எக்ஸ்ஆர்டி கன்டெய்னர் ஒன்றுக்கு 2 ஜிபி அளவில் ஓடிவிடும், ஆனால் இறக்குவதற்கு உரிய அக்கவுன்ட் வேண்டும். எக்ஸ்ஆர்டியில் ஒரு நுணுக்கம்: ஒவ்வொரு கன்டெய்னருக்கும் ஐநோட்டிஃபை (லினக்ஸில் ஃபைல் மாற்றங்களைக் கவனிக்கும் வசதி) இன்ஸ்டன்ஸ் 4000 வேண்டும். உபுண்டுவில் வழக்கமாக இருப்பது 128. அதை மாற்றாமல் ஓட்டினால் கன்டெய்னர் சரியாக எழுந்திருக்காது, காரணமும் கண்ணில் படாது. அவர்களே தரும் ஹோஸ்ட் செக் ஸ்கிரிப்ட்டை முதலில் ஓட்டிப் பாருங்கள். சிஸ்கோவின் லேப் சாஃப்ட்வேரான சிஎம்எல்லின் இலவசப் பதிப்பில் 5 கணுக்கள் வரைதான். தனிநபர் சந்தா ஆண்டுக்கு 199 டாலர் என்ற அளவில், அதில் 20 கணுக்கள். அலுவலகம் காசு கொடுத்தால் வாங்குங்கள், சொந்தக் காசு என்றால் கன்டெய்னர்லேபே போதும்.

நெட்வொர்க்கில் போகும் பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க்கைக் கட்டாயம் நிறுவுங்கள். பீசெப்பையும், நெட்வொர்க்கின் படத்தை பிசிஇக்குக் கொண்டு வரும் பிஜிபி-எல்எஸ்ஸையும் அது பிரித்துக் காட்டும். லேபில் பழகப் பழக, ரவுட்டரின் ஷோ கட்டளையைவிட வயர்ஷார்க்கைத்தான் அதிகம் நம்புவீர்கள்.

4. டோபாலஜியை பிசிஇக்குக் கொண்டு சேருங்கள்

பிசிஇ புத்திசாலி இல்லை. அது பார்க்கும் நெட்வொர்க் படம், அதாவது டோபாலஜி, தப்பாக இருந்தால் தரும் பாதையும் தப்பாகத்தான் இருக்கும், அதுவும் தப்பு என்று தெரியாத மாதிரி இருக்கும். அதனால் இந்தப் படியில் நிதானமாக இருங்கள்.

முதலில் ஐஜிபியில் (ஐஎஸ்-ஐஎஸ் அல்லது ஓஎஸ்பிஎஃப்) டிராஃபிக் எஞ்சினியரிங் தகவலைத் திறந்துவிடுங்கள். ஐஎஸ்-ஐஎஸ் என்றால் வைட் மெட்ரிக் வேண்டும். பழைய குறுகிய மெட்ரிக்கில் ஒரு லிங்க்குக்கு 63க்கு மேல் போக முடியாது, டிஇ விவரங்களும் அதில் வராது. ஓஎஸ்பிஎஃப் என்றால் இந்த விவரம் ஏரியாவைத் தாண்டிப் போகாது என்பதை நினைவில் வையுங்கள். ஐஎஸ்-ஐஎஸ் லெவல்களுக்கும் இதே கதைதான். ஆகவே ஒரே ஒரு ரவுட்டரிலிருந்து டோபாலஜியை எடுத்தால் அந்த ரவுட்டர் இருக்கும் ஏரியா மட்டும்தான் பிசிஇக்குத் தெரியும். ஒவ்வொரு ஏரியாவிலிருந்தும் குறைந்தது இரண்டு ரவுட்டர்கள் பிஜிபி-எல்எஸ் மூலம் அனுப்பட்டும். ஒன்று விழுந்தால் இன்னொன்று இருக்கும்.

பிஜிபி-எல்எஸ்ஸில் நான் பார்த்த வரைக்கும் எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. பிஜிபியில் அந்த அட்ரஸ் ஃபேமிலியைத் திறந்ததும் செஷன் எஸ்டாப்ளிஷ்டு என்று காட்டும், ஆனால் ஒரு ரூட்கூட வராது. ஏனென்றால் ஐஜிபி பக்கமும் "என்னிடம் இருப்பதை பிஜிபி-எல்எஸ்ஸுக்குக் கொடு" என்று தனியாக ஒரு கட்டளை எழுத வேண்டும். சிஸ்கோவில் அது பிஜிபிக்குக் கீழே இல்லை, ஐஎஸ்-ஐஎஸ் அல்லது ஓஎஸ்பிஎஃப்புக்குக் கீழே இருக்கும்.

அந்தக் கட்டளையோடு இன்ஸ்டன்ஸ் ஐடி என்று ஒரு எண் வரும். ஒரே ஐஜிபி டொமைனிலிருந்து அனுப்பும் எல்லா ரவுட்டர்களிலும் இது ஒன்றாக இருக்க வேண்டும், வேறு டொமைன் என்றால் வேறாக இருக்க வேண்டும். ஒரே டொமைனுக்கு இரண்டு எண் கொடுத்துவிட்டால் பிசிஇயின் படத்தில் ஒவ்வொரு ரவுட்டரும் இரண்டு இரண்டாகத் தெரியும், நடுவே லிங்க் இருக்காது. இரண்டு டொமைனுக்கு ஒரே எண் கொடுத்தால் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடும். 2ஆம் படியில் சேர்த்த பட்டியலிலேயே இந்த எண்ணுக்கும் ஒரு பத்தி போட்டுவிடுங்கள்.

இப்போது சரிபார்ப்பு. பிசிஇயில் தெரியும் லிங்க் எண்ணிக்கையை உங்கள் பட்டியலோடு ஒப்பிடுங்கள். லிங்க் ஒரு திசையில் இருந்து மறு திசையில் இல்லாமல் இருக்கும், அதையும் பாருங்கள், பிஜிபி-எல்எஸ் ஒவ்வொரு திசையையும் தனியாகத்தான் சொல்லும். பேண்ட்வித் பூஜ்யமாக இருக்கும் லிங்க்குகளைத் தேடுங்கள். இந்த ஒப்பீடு நூறு சதவீதம் ஒத்துப்போகாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

5. பீசெப் செஷனை எழுப்புங்கள்

டிசிபி போர்ட் 4189. ரவுட்டர்தான் பிசிஇயைக் கூப்பிடும். நடுவில் ஃபயர்வால் இருந்தால் அந்தத் துறைக்கான கோரிக்கையை ஒரு வாரம் முன்பே போட்டு வையுங்கள். மூல முகவரி லூப்பேக்காக இருக்கட்டும். பிசிஇ சர்வரிலிருந்து அந்த லூப்பேக்குக்குத் திரும்பும் வழி இருக்கிறதா என்று பாருங்கள், சர்வர் டீம் போட்ட டீஃபால்ட் ரூட் நேரே மேனேஜ்மென்ட் பக்கம் போய்க்கொண்டிருக்கும்.

கீப்அலைவ் 30 நொடி, டெட் டைமர் அதன் நான்கு மடங்கு, 120 நொடி. லேபில் குறைத்து விளையாடுங்கள், லைவில் தொடாதீர்கள். செஷன் சரியாக ஒரு நிமிடத்துக்கு ஒரு முறை விழுந்து எழுந்தால், டிசிபி இணைந்துவிட்டது, ஆனால் எதிர்ப்பக்கத்திலிருந்து ஓப்பன் செய்தி வரவில்லை என்று அர்த்தம். அந்தக் காத்திருப்பு 60 நொடிதான்.

செஷன் மேலே வந்ததும் சந்தோஷப்பட்டு நிறுத்திவிடாதீர்கள். வயர்ஷார்க்கில் ஓப்பன் செய்தியைத் திறந்து இரண்டு பக்கமும் என்ன சொல்லிக்கொண்டன என்று பாருங்கள். ஸ்டேட்ஃபுல் என்ற அம்சம் இருக்கிறதா, அதற்குள் பாதையை மாற்றும் அனுமதிக்கும் புதிதாக உருவாக்கும் அனுமதிக்கும் பிட்கள் 1 ஆக இருக்கின்றனவா, செக்மென்ட் ரூட்டிங் அம்சத்தில் எம்எஸ்டி எத்தனை என்று போட்டிருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் சொன்னால் அந்த வசதி கிடையாது. வெண்டர் எழுத்தில் கொடுத்த பதிலை ஒத்துப் பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை.

பாதுகாப்பு விஷயத்தில் தயங்க வேண்டாம். இந்தச் செஷனைக் கைப்பற்றுகிறவர் உங்கள் டிராஃபிக்கை எங்கு வேண்டுமானாலும் திருப்பலாம். ஆர்எஃப்சி 8253 சொல்லும் டிஎல்எஸ் இருந்தால் அதைப் போடுங்கள். இல்லாவிட்டால் டிசிபி அளவில் கடவுச்சொல், அதோடு 4189க்கு வர அனுமதிக்கப்பட்ட முகவரிகளின் பட்டியல்.

6. முதல் பாதை: மூன்று கட்டமாகப் போங்கள்

முதல் கட்டம், வெறுமனே அறிக்கை. ரவுட்டரில் நீங்களே ஒரு பாதை எழுதி, அதை பிசிஇக்கு அறிவிக்க மட்டும் செய்யுங்கள். பிசிஇயின் பட்டியலில் அது சரியான லேபிள்களோடு தெரிய வேண்டும்.

இரண்டாம் கட்டம், டெலிகேஷன். பாதை ரவுட்டருடையதுதான், மாற்றும் உரிமையை பிசிஇக்குக் கொடுக்கிறோம். எப்போது வேண்டுமானாலும் ரவுட்டர் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். லைவ் நெட்வொர்க்கில் என் பரிந்துரை இந்தக் கட்டத்திலேயே நெடுநாள் நிற்பதுதான்.

மூன்றாம் கட்டம், பிசிஇயே பாதை உருவாக்குவது. ரவுட்டரின் கான்ஃபிகரேஷனில் அதன் சுவடே இருக்காது. இது பல நிறுவனங்களின் ஆடிட்டுக்கு ஒத்துவராது, அதனால் உங்கள் செயல்முறைத் துறையிடம் முன்பே பேசிவிடுங்கள்.

இங்கே புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி: "பாதை மேலே இருக்கிறது, பச்சையாகக் காட்டுகிறது, டிராஃபிக் மட்டும் பழைய வழியில்தான் போகிறது, ஏன்?" பாதை போடுவது வேறு, அதில் டிராஃபிக்கை ஏற்றுவது வேறு. பிசிஇ முதல் வேலையை மட்டும்தான் செய்யும். எஸ்ஆர் பாலிசியில், அதாவது செக்மென்ட் ரூட்டிங்கில் பாதையை எழுதி வைக்கும் முறையில், ஒவ்வொரு பாதைக்கும் ஒரு கலர் எண்ணும் ஒரு முடிவிட முகவரியும் உண்டு. பிஜிபியில் வரும் சர்வீஸ் ரூட்டில் அதே கலர் எண்ணைக் கம்யூனிட்டியாக ஒட்ட வேண்டும், அந்த ரூட்டின் நெக்ஸ்ட் ஹாப் அந்த முடிவிட முகவரியாகவே இருக்க வேண்டும். இரண்டும் பொருந்தினால்தான் டிராஃபிக் ஏறும். கலர் சரியாக இருந்து, முடிவிடத்துக்கு லூப்பேக்குக்குப் பதிலாக இன்டர்ஃபேஸ் முகவரியைக் கொடுத்திருப்பார்கள். அதைக் கண்டுபிடிக்க ஒரு நாள் போய்விடும்.

லேபிள் எண்ணிக்கையையும் பாருங்கள். பிசிஇ ஒவ்வொரு ஹாப்புக்கும் ஒரு லேபிள் எழுதினால் நீளமான பாதையில் ரவுட்டரின் வரம்பு தாண்டிவிடும், ரவுட்டர் மறுத்துவிடும். ஹாப் ஹாப்பாகச் சொல்லாமல் ஒரு ரவுட்டரையே குறிக்கும் நோட் லேபிள்களைப் பயன்படுத்திச் சுருக்கச் சொல்லும் அமைப்பு பெரும்பாலான பிசிஇயில் இருக்கிறது, அதைத் திறந்துவிடுங்கள். அப்படியும் போதவில்லை என்றால் நடுவில் ஒரு பைண்டிங் எஸ்ஐடி (மீதிப் பாதை முழுவதற்கும் பதிலாக நிற்கும் ஒற்றை லேபிள்) வைத்துப் பாதையை இரண்டாக வெட்டுங்கள். ஒரு லேபிளுக்கு 4 பைட், 8 லேபிள் என்றால் 32 பைட். எம்டியூவில், அதாவது லிங்க் தாங்கும் பாக்கெட் அளவில், அந்த இடம் இருக்கிறதா என்று பெரிய பாக்கெட் பிங் போட்டு, துண்டாக்கக் கூடாது என்ற பிட்டோடு, பாருங்கள்.

7. பேண்ட்வித் கணக்கு யார் கையில்?

ஆர்எஸ்விபி-டிஇயில் பேண்ட்வித்தை ரவுட்டர்களே பிடித்து வைக்கும். செக்மென்ட் ரூட்டிங்கில் வழியில் இருக்கும் ரவுட்டர்களுக்கு அப்படி ஒரு பாதை இருப்பதே தெரியாது. கணக்கு முழுக்க பிசிஇயின் நோட்டில்தான், பால்காரர் கணக்கு மாதிரி, எழுதினால் உண்டு, எழுதாவிட்டால் இல்லை. பிசிஇக்குத் தெரியாமல் போகும் சாதாரண டிராஃபிக் அதே லிங்க்கில் 3 கிகாபிட் ஓடிக்கொண்டிருந்தாலும், அந்த லிங்க் காலி என்றே அது நினைக்கும். ஆகவே ரவுட்டர்கள் அனுப்பும் அளவீடுகளான டெலிமெட்ரியிலிருந்து உண்மையான பயன்பாட்டை பிசிஇக்கு ஊட்டுங்கள். அது முடியாவிட்டால் ஒவ்வொரு லிங்க்கிலும் ஒரு பங்கை மட்டும் பிசிஇக்கு ஒதுக்கிக் கொடுங்கள். பாதிப் பங்கிலிருந்து தொடங்குவது நல்லது.

அலகு விஷயத்தில் மிகவும் கவனம். பீசெப் செய்தியில் பேண்ட்வித் பைட்டில் வரும், பிட்டில் அல்ல. 1 கிகாபிட் என்றால் 125000000 என்று இருக்க வேண்டும், அதுவும் 32 பிட் ஃப்ளோட்டிங் பாயின்ட்டாக. ரவுட்டர் கான்ஃபிகரேஷனில் கிலோபிட்டில் கேட்கும், பிசிஇயின் ஏபிஐயில் சில இடத்தில் பைட், சில இடத்தில் பிட். எட்டு மடங்கு தப்பான எண் போனால் எந்த எரரும் வராது, பாதை மட்டும் விநோதமாக இருக்கும். லேபில் ஒரு தெரிந்த எண்ணைக் கொடுத்து, மூன்று இடத்திலும் என்னவாகத் தெரிகிறது என்று பார்த்துக் குறித்து வையுங்கள்.

மறு கணக்கீட்டை அடிக்கடி ஓட்டாதீர்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை எல்லாவற்றையும் மாற்றி அடுக்கும் பிசிஇயைவிட, முழுதாக வேண்டாம் என்று விடுவதே மேல். நாளுக்கு ஓரிரு முறை, அதுவும் லாபம் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் மட்டும் என்று வையுங்கள்.

8. உடைத்துப் பாருங்கள்

லேபில் பிசிஇயை அணைத்துவிடுங்கள். பாதைகள் உடனே விழக்கூடாது. ரவுட்டர் இரண்டு டைமர்களைத் தொடங்கும்: ஒன்று டெலிகேஷனைத் திரும்ப எடுத்துக்கொள்ள, இன்னொன்று பிசிஇ கொடுத்த நிலையைத் துடைக்க. ரவுட்டரில் எழுதிய பாதைகள் அதன் பிறகு உள்ளூர்க் கணக்குக்குத் திரும்பும். பிசிஇ தானாக உருவாக்கிய பாதைகள் இரண்டாவது டைமர் முடிந்ததும் நீக்கப்பட்டுவிடும். வெண்டருக்கு வெண்டர் இந்த மதிப்புகள் மாறும், ஷோ கட்டளையில் பார்த்துக் குறியுங்கள். இரண்டாவது பிசிஇ வைத்து, முன்னுரிமை வரிசை கொடுத்து, முதல் ஒன்று விழும்போது இரண்டாவது டைமர் முடிவதற்குள் அடுத்தது பொறுப்பை ஏற்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து லிங்க்கை அறுங்கள். இங்கே பலருக்குத் தவறான எதிர்பார்ப்பு இருக்கிறது. 50 மில்லி நொடியில் மாறுவது பிசிஇயின் வேலை அல்ல, அது மாற்று வழியை முன்கூட்டியே கணக்குப் போட்டு வைக்கும் டிஐ-எல்எஃப்ஏவின் வேலை, ரவுட்டரிலேயே நடக்க வேண்டும். பிசிஇக்கு பிஜிபி-எல்எஸ் வழியாகச் செய்தி வந்து, கணக்குப் போட்டு, பாதை அனுப்ப நொடிகள் ஆகும். டிஐ-எல்எஃப்ஏ இல்லாமல் பிசிஇ வைக்காதீர்கள்.

கடைசியாக இரண்டையும் சேர்த்து உடையுங்கள், பிசிஇ இல்லாத நேரத்தில் லிங்க் அறுபடட்டும். இதற்காகத்தான் ஒவ்வொரு பாலிசியிலும் இரண்டாவது வேட்பாளர் பாதை (கேண்டிடேட் பாத்) ஒன்று வேண்டும், ரவுட்டரே கணக்குப் போடும் வகையில், குறைந்த முன்னுரிமை எண்ணோடு. எஸ்ஆர் பாலிசியில் பெரிய எண்தான் ஜெயிக்கும், கொடுக்காவிட்டால் 100. பிசிஇ பாதைக்கு 200, உள்ளூர்ப் பாதைக்கு 50 என்பது போல இடைவெளி விட்டு வையுங்கள். பிசிஇ சர்வருக்குப் போகும் வழியும் வெறும் ஐஜிபி வழியாக இருக்கட்டும், பிசிஇ தானே போட்ட பாதையில் தன்னை எட்ட வேண்டிய நிலை வரவே கூடாது.

9. லைவ் நெட்வொர்க்குக்குப் போகும் வரிசை

முதல் இரண்டு வாரம் டோபாலஜி மட்டும். பிசிஇ பார்க்கட்டும், எதையும் தொட வேண்டாம். மெயின்டனன்ஸ் விண்டோ தேவைப்படுவது பிஜிபி-எல்எஸ் திறக்க மட்டும், அதற்கு ஒரு ராத்திரி போதும். அடுத்த இரண்டு வாரம் பீசெப், அறிக்கை மட்டும். பிறகு ஒரே ஒரு ஹெட்எண்ட் (பாதை தொடங்கும் ரவுட்டர்), அதில் முக்கியமில்லாத ஒரு சர்வீஸ், டெலிகேஷனோடு. ஒரு மாதம் பிரச்சினை இல்லாமல் ஓடினால் அடுத்த ஹெட்எண்ட். மாதக் கடைசி, பண்டிகை வாரம், பெரிய கிரிக்கெட் போட்டி நாள் இவற்றைத் தவிருங்கள், அந்த நாட்களில் டிராஃபிக்கின் உருவமே மாறிவிடும்.

பட்ஜெட் போடும்போது லைசென்ஸை மட்டும் எழுதாதீர்கள். வணிகப் பிசிஇகளில் பிசிஇ சர்வருக்கு ஒரு லைசென்ஸும் ரவுட்டர்களுக்குத் தனி லைசென்ஸும் கேட்பது உண்டு. சர்வர் இரண்டு, அவை வேறு வேறு டேட்டா சென்டரில் இருக்க வேண்டும். ஆண்டுப் பராமரிப்பு. அதோடு ஷிஃப்ட்டில் இருப்பவர்களுக்குப் பயிற்சி. கடைசிச் செலவைத்தான் எல்லா இடத்திலும் வெட்டுகிறார்கள், ராத்திரி ஷிஃப்ட்டில் இருக்கும் பையன் தன் ரவுட்டர் கான்ஃபிகரேஷனில் இல்லாத பாதை ஏன் ஓடுகிறது என்று தெரியாமல் நிற்பான். அவனுக்காக ஒரு பக்கத் தாள் எழுதுங்கள். இந்தப் பாதை யார் போட்டது என்று எந்த ஷோ கட்டளையில் பார்ப்பது, பிசிஇயிடமிருந்து டெலிகேஷனை எப்படித் திரும்ப வாங்குவது, செஷனை எந்த வரியால் நிறுத்துவது, நிறுத்தினால் எத்தனை நொடியில் எது நடக்கும், அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்ற வரியும் அதில் இருக்கட்டும், மேலாளரின் கையெழுத்தோடு.